வைக்கோல் சுவரும் என் சிமெண்ட்டும்

சம்பந்தி,

இன்று காலை கரோல் பாக் மெட்ரோவில் என்னை நிறுத்திவிட்டார்கள். சோதனை போடுகிற ஜவான் என் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு பிடி வைக்கோலை எடுத்தான். “யே க்யா ஹை, அங்கிள்?” என்றான். பின்னால் ஐம்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். என் வாயில் வந்த பதில், “சுவர்.” அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு பேண்ட் பையையும் உதறச் சொன்னான். அதிலிருந்தும் கொட்டியது. “ஜல்தி, அங்கிள், ஜல்தி” என்று ஒரு பெண் அவசரப்படுத்த, நான் மண்டியிட்டு ஒவ்வொரு வைக்கோல் தாளாகப் பொறுக்கினேன். நேற்று போட்ட உடுப்பையே மாட்டிக்கொண்டு கிளம்பினால் இப்படித்தான். என் மனைவி வாசலிலேயே சொன்னாள், நான்தான் கேட்கவில்லை.

ரயிலில் இடம் கிடைத்ததும் முகர்ந்து பார்த்தேன். வெயிலும் தூசியும் கலந்த வாசனை. உங்கள் தலைப்பாகையில் அடிக்குமே, அதே வாசனை. அப்போதே முடிவு செய்தேன், உங்களுக்கு எழுதிவிடுவது என்று. நீங்கள் கண்ணை மூடிவிட்டதால் இதைப் படிக்க மாட்டீர்கள். இருந்திருந்தாலும் தமிழ் உங்களுக்கு வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

என் மகளை உங்கள் மகனுக்குக் கொடுத்தபோது கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருக்கிற என் மச்சினன் கேட்டான்: “அத்திம்பேர், டில்லியில நம்ம ஆளுங்களே கிடைக்கலியா?” ஆபீசில் பழகி, அவர்களே முடிவு செய்துவிட்டு வந்த கல்யாணம். நரேலாவுக்கு அப்பால் உங்கள் கிராமத்துக்கு நான் முதல் தடவை வந்தபோது, நீங்கள் ஒரு லோட்டா மோரை என் கையில் கொடுத்து, நான் குடித்து முடிக்கிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. குடித்ததும், “பிழைச்சுக்குவார்” என்று உங்கள் மகனிடம் சொன்னீர்கள்.

பிள்ளைகளுக்கு உங்கள் நிலத்திலேயே வீடு என்று பேச்சு வந்தது. என் மகள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். வைக்கோல் கட்டுகளைச் செங்கல் மாதிரி அடுக்கி, மண் பூசி, வீடு கட்டியிருந்தார்கள். நான் சிரித்தேன். முப்பது வருஷமாக சிமெண்ட்டும் பெயிண்ட்டும் விற்கிற கடையில் நிற்கிறவன் வேறென்ன செய்வான்? நீங்கள் சிரிக்கவில்லை. வயலில் இயந்திரம் கட்டிப்போட்ட வைக்கோல் கட்டு ஒன்றை முற்றத்துக்குக் கொண்டுவந்து, மூன்று நாள் அதன் மேலேயே உட்கார்ந்து டீ குடித்தீர்கள். நான்காம் நாள் எனக்குப் போன் வந்தது.

“தாங்குது, சம்தி ஜி. கூரையை மரத்தூண் பார்த்துக்கும். இது காத்தையும் வெயிலையும் தாங்கினாப் போதும்.”

பிறகு சொன்னது என் வீட்டில் பழமொழி ஆகிவிட்டது. “வருஷா வருஷம் நான் இந்தப் பராலியை, வயல் வைக்கோலைக் கொளுத்துவேன், கார்த்திகை பூரா நீங்க கரோல் பாக்ல உட்கார்ந்து இருமுவீங்க. இனிமே அந்தப் புகையைச் சுவரா வெச்சுத் தர்றேன். உங்க பொண்ணு அதுக்குள்ள மூச்சு விடட்டும்.”

கட்டும்போது ஒரே ஒரு சட்டம் போட்டீர்கள். “மண் பூசு, சுண்ணாம்பு பூசு. மூக்கை மட்டும் அடைக்காதே. இந்தச் சுவர் மூச்சு விடணும்.” தரையிலிருந்து முட்டி உயரத்துக்குச் செங்கல் மேடை, அதன் மேல் இரண்டடி கனத்துக்கு வைக்கோல், மூங்கில் குச்சியால் குத்தித் தைத்து, ஒவ்வொரு கட்டுக்குள்ளும் முழங்கை வரை கைவிட்டு ஈரம் பார்த்து… ஈரமானதை மாட்டுக்குக்கூடப் போடாமல் எருக்குழிக்கு அனுப்பினீர்கள். மே மாதத்து லூ அனல்காற்று வெளியே ஊளையிடும்போது, கூரை போட்ட அந்த வீட்டுக்குள் நான் போய் நின்றேன். காதில் சத்தம் நின்றுபோனது. உடம்பில் வியர்வை நின்றுபோனது. ‘நம்ம கடைச் சரக்கு எதுவும் இப்படிச் செய்யாதே’ என்று நினைத்தேன். ஆனாலும் நான் சிமெண்ட்காரன்தானே.

கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வாரம் இருந்தது. மச்சினன் போனில், “பொண்ணுக்கு வீடு கட்டினேளா, மாட்டுக்குத் தீவனம் அடுக்கினேளா?” என்றான். நீங்களும் உங்கள் அண்ணன் குடும்பமும் உறவுக் கல்யாணத்துக்கு நாலு நாள் வெளியூர் போயிருந்தீர்கள். பிள்ளைகள் ஆபீசில். நான் கடைப்பக்கம் நிற்கிற இரண்டு கொத்தனார்களை அழைத்துவந்து, ரோட்டைப் பார்த்த முன் சுவருக்கு மட்டும் சிமெண்ட் பூசி, மேலே பிஸ்கட் கலர் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்துவிட்டேன். கேட்டவர்களிடம், “சுண்ணாம்புதான், கைகாரக் கொத்தனார்” என்றேன். மச்சினன் சுவரைத் தட்டிப் பார்த்து, “பரவாயில்லையே” என்றான். அந்தப் பரவாயில்லைக்காகத்தான் அத்தனையும்.

நீங்கள் ஊரிலிருந்து வந்து முன் சுவரை உள்ளங்கையால் தடவினீர்கள். நெடுநேரம் தடவினீர்கள். “வழவழன்னு இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டைக் கட்டப் போய்விட்டீர்கள்.

முதல் மழைக்காலத்திலேயே முன் சுவர் கொப்புளம் கட்டியது. அப்புறம் கறுப்பு. அப்புறம் ஊறவைத்து மறந்துபோன அரிசி மாதிரி ஒரு நாற்றம். எல்லாரும் ஜிலேபித் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் என் மகள் கேட்டாள், “பாபுஜி, மத்த மூணு சுவரும் நல்லாத்தானே இருக்கு? இது மட்டும் ஏன்?” நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் ஜிலேபியைப் பார்த்தேன்.

“என் தப்பு, மகளே. முன்னாடி வெச்ச கட்டெல்லாம் மழையில நனைஞ்ச வைக்கோல். நான் சரியா பார்க்கலை” என்றீர்கள்.

அறுப்பு முடிந்ததும் சரி செய்கிறேன் என்றீர்கள். அறுப்பு முடிந்தது, தையில் நீங்கள் வயல் வரப்பிலேயே சாய்ந்துவிட்டீர்கள்.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து உங்கள் மகனுக்கு இனி குடும்பத் தலைவன் என்று தலைப்பாகை கட்டினார்கள். உங்கள் அண்ணன் ஹுக்காவை ஓர் இழுப்பு இழுத்துவிட்டுச் சொன்னார்: “தம்பியே ஒத்துக்கிட்டான், வைக்கோல் ஈரம்னு. ஒரு சுவர் அழுகினா நாலும் அழுகும். அடுத்த மழைக்கு முன்னாடி இடிச்சிடலாம். பில்டர் ஒருத்தர் நாலு மாடி கட்டித் தர்றேங்கறார்.” பெரியப்பா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி உங்கள் மகனுக்குப் பழக்கமில்லை. என் மகள் என்னைப் பார்த்தாள். எனக்காக நீங்கள் சொன்ன ஒரு பொய், உங்கள் வீட்டையே இடிக்கக் கிளம்பிவிட்டது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜேசிபி வரும் என்றார்கள். அதற்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தேன், கடையிலிருந்து எடுத்த சுத்தியலும் உளியுமாக. உங்கள் அண்ணன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“சம்தி ஜி, இடிக்கத்தான் மிஷின் வருதே, நீங்க எதுக்கு?”

“என் பங்கை நான் இடிக்கிறேன்.”

அவருக்குப் புரியவில்லை. நான் முன் சுவரில் அடித்தேன். முதல் அடி என் கட்டைவிரலில் விழுந்தது. இரண்டாவது சரியாக விழுந்தது. சிமெண்ட் பலகை பலகையாகப் பெயர்ந்து வந்தது. பின்னால் வைக்கோல் கறுத்து, பிசுபிசுத்து, கூழாக இருந்தது. “பார்த்தீங்களா?” என்றார் அவர். “பொறுங்க” என்று மற்ற மூன்று சுவர்களுக்கும் போனேன். ஒவ்வொன்றிலும் மண் பூச்சைக் கையகலத்துக்கு வெட்டி, உள்ளே கைவிட்டு ஒரு பிடி உருவினேன். நேற்று அறுத்த மாதிரி, மொடமொடவென்று, பொன் நிறத்தில். முன் சுவர்க் கூழிலும் ஒரு பிடி எடுத்து, நாலு பிடியையும் அவர் கட்டிலில் வைத்தேன்.

“மோந்து பாருங்க. ஒரே வயல், ஒரே மிஷின் கட்டினது, ஒரே மனுஷன் அடுக்கினது.”

மோந்து பார்த்தார். அதற்குள் மிஷினும் வந்துவிட்டது; ஜேசிபிக்காரன் இறங்கி வந்து அவனும் மோந்து பார்த்தான்.

“இந்த சிமெண்ட் யார் பூசினது?” என்றார் உங்கள் அண்ணன்.

“நான்.”

“எதுக்கு?”

“என் சொந்தக்காரன் சிரிப்பான்னு. உங்க தம்பி வைக்கோல்ல ஈரம் இல்லை. மூச்சு விடுற சுவருக்கு நான் மூக்கை அடைச்சேன். இடிக்கிறதுன்னா என்னை இடிங்க.”

“படிச்சவன் பண்ற வேலை” என்றார்.

“பெரியவரே, பன்னிரண்டாங் கிளாஸ்லயே ரெண்டு தடவை கோட் அடிச்சவன் நான். இந்தப் பழியைப் படிப்பு மேல போடாதீங்க.”

ஜேசிபிக்காரன் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. “கூரை சாஞ்சா? தீப்பிடிச்சா? நாலு பேர் காறித் துப்பினா?” என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நான் நின்று பதில் சொன்னேன். கடைசிக் கேள்விக்கு, “துப்பட்டும், மண் சுவர், உறிஞ்சிக்கும்” என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் குரல் நடுங்கவில்லை. எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. “மகள் வீட்டை விட்டு நான் நகர மாட்டேன். மிஷினை என் மேல ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லுங்க.”

ஹுக்கா அணைந்துபோனது. அவர் டிரைவரிடம், “டீ குடிச்சிட்டுப் போ” என்றார். என்னிடம், “ஒரு மழை பார்ப்பேன்” என்றார்.

“பத்து மழை பாருங்க” என்றேன்.

உங்கள் கொட்டகையில் செங்கல் மேல் அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி, முன் சுவருக்கு வேண்டிய அளவு கட்டுகளை நீங்கள் எடுத்துவைத்திருந்தீர்கள். எல்லாம் காய்ந்தவை. அழுகியதை வாரி எருக்குழிக்கு அனுப்பிவிட்டு, அவற்றைத்தான் நேற்று அடுக்கினோம். நானும் என் மகளும் உங்கள் மகனும் மண்ணை மிதித்தோம். உங்கள் அண்ணன் கட்டிலில் இருந்தபடியே, “இன்னும் மிதி, மதராஸி, இது தோசை மாவு இல்லை” என்று அதட்டிக்கொண்டிருந்தார். மிதித்தேன்.

இப்போது கடையில் யாராவது மண் சுவருக்கு சிமெண்ட் கேட்டு வந்தால் நான் எடுத்துத் தருவதில்லை. “கூடாது” என்று சொல்லி, காரணமும் சொல்லி அனுப்புகிறேன். கடை முதலாளி லாலாஜி கத்துகிறார். கத்தட்டும்.

நேற்று சாயங்காலம் குழாயடியில் கால் கழுவும்போது என் மகள் மெதுவாகக் கேட்டாள், “அப்பா, நீங்க சிமெண்ட் பூசினது பாபுஜிக்குத் தெரியுமா?”

“தெரியும். தடவினப்பவே தெரியும்.”

“அப்புறம் ஏன் தன் மேல போட்டுக்கிட்டார்?”

“பெரிய மனுஷன்மா” என்றேன்.

“அப்ப உங்களுக்கு எப்படி இருந்தது?”

நான் காலைத் தேய்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அந்த மத்தியானம் நீங்கள் “என் தப்பு” என்று சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, சம்பந்தி. அவ்வளவு நிம்மதியாக இருந்தது. இரண்டாவது ஜிலேபியும் எடுத்துக்கொண்டேன். இதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.