பறைமேளத்துக்குப் பக்கத்தில்

வெள்ளி, இரவு.

ஞாயிறன்று தம்பலகாமத்து வயல்வெளியில் ஒருநாள் நாட்டார் பாட்டு விழா. மாலை நிழல், பஸ் தரிப்பிடம் எல்லாம் யோசித்து, கடைசி மரத்தடியில் பாயைப் போடலாம் என்று மனைவிக்குப் படம் கீறிக் காட்டினேன். அவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது.

"அவ்வளவு தூரத்தில எனக்கென்ன கேக்கும்? பறைமேளத்துக்குப் பக்கத்தில இருப்பம். காது கேளாட்டியும் நெஞ்சில அடிக்கும்."

"சனம் பாக்குமப்பா" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. உரத்துச் சொன்னேன். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தனர்.

"இப்பவும் பாக்குதுதானே" என்று சிரித்தாள். "வருவீங்களோ, நான் தனியப் போகட்டோ?"

கீறிய படத்தை மடித்து வைத்துவிட்டுப் படுக்க வந்துவிட்டேன். கண்ணை மூடினால் வெயிலில் மிதக்கும் வெளி, மேளம், நெஞ்சில் கைவைத்தபடி அவள். பக்கத்தில் நான் இருக்கிறேனா என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியவில்லை.