ரத்தம் எடுக்க வெற்றிலை பாக்கு வைத்தோம்

அன்பு மகள் தேன்மொழிக்கு நைனாவின் ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஹர்ஷினியும் மஸ்கட் வெயிலுக்குப் பயந்து ஏசிக்குள்ளேயே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சத்தியவேட்டில் நான், அம்மா, எருமை எல்லோரும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், நேரத்துக்குப் படுக்கிறோம், தூங்குவது என்னவோ எருமை மட்டும்தான். தினமும் வீடியோவில் பேசுகிற காலத்தில் இந்த மனுஷன் எதற்குக் கடிதாசி எழுதுகிறான் என்று யோசிப்பாய். வீடியோவில் சொல்ல ஆரம்பித்தால் உன் அம்மா பாதியில் ஃபோனைப் பிடுங்கிக்கொள்வாள், அவள் பிடுங்காவிட்டால் நீ என் முகத்தைப் பார்த்துவிடுவாய், இரண்டும் எனக்குச் சரிப்படாது. எதிர் வீட்டு பவன்குமார் லீவு முடிந்து மஸ்கட்டுக்கே திரும்புகிறான், அவன் கையில் எலுமிச்சை ஊறுகாயும் இந்தக் கவரும் கொடுத்தனுப்புகிறேன். கவரைத் தூக்கிப் போட்டுவிடாதே, உள்ளே காகிதம் மட்டும் இல்லை.

வேர்க்கடலை இந்தத் தடவை பரவாயில்லை, பிடுங்குகிற நேரத்துக்கு மழை வந்து கொஞ்சம் முளைவிட்டது. ஹர்ஷினி இட்லி துன்ன மாட்டேன் என்கிறாளாமே, அடிக்காதே, நீயும் அந்த வயதில் சாம்பலைத் தவிர வேறெதையும் துன்னவில்லை. உன் சின்னம்மா கலைவாணி தேறிவருகிறாள். திருப்பதி ஆஸ்பத்திரியில் மார்புக் கட்டிக்கு ஆபரேஷன் ஆகி, கீமோ எல்லாம் முடிந்து, தலையில் இப்போதுதான் நாற்று மாதிரி முடி எட்டிப் பார்க்கிறது. அந்த மொட்டைத் தலையால் அவள் பட்ட பாட்டை உனக்கு ஃபோனில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். திருப்பதியில் ஒரு பொம்பளை மொட்டைத் தலையோடு பஸ் ஏறினால் அவளுக்கு வியாதி என்று எவன் நினைப்பான். பக்கத்து சீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டு தரிசனம் நல்லபடியாக ஆயிற்றா என்பாள், பின் சீட்டுக்காரி கையை நீட்டி லட்டு கேட்பாள். இவளும் முதலில் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். கேட்டவர்கள் அழ, அழுதவர்களை இவள் தேற்ற, தேற்றி முடிப்பதற்குள் சத்தியவேடு ஸ்டாப்பிங் தாண்டிவிடும். இப்போது சங்கத்தில் யார் கீமோவுக்குப் போனாலும் பையில் ஒரு லட்டு போட்டு அனுப்புகிறார்கள். கேட்பவர்களுக்கு ஒரு விள்ளல் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம்.

சங்கம் என்றேனே, அது கலைவாணி ஆரம்பித்தது. உடம்பில் கத்தி பட்டவர்கள், அம்மாவையோ அக்காவையோ இந்த வியாதிக்குப் பறிகொடுத்தவர்கள், தனக்கும் வருமோ என்று பயந்தவர்கள் என்று சுற்றுப்பட்டில் இருக்கிற பொம்பளைகளை எல்லாம் திரட்டினாள். நம் பக்கத்துப் பெண்களுக்கு நாலு பேர் சேர்ந்து உட்காருவதென்றால் தெரிந்த வழி ஒன்றுதான், பொதுப்பு சங்கம், அதாவது மாதா மாதம் சீட்டுப் போல சேமிக்கிற மகளிர் குழு. அதனால் இதையும் அப்படியே பதிவு செய்து, உன் அம்மாவைப் பெற்ற ஆயா பச்சையம்மாள் பேரையே வைத்துவிட்டார்கள். அவள் வயிற்றில் கட்டி வந்து செத்துப்போனபோது என்ன வியாதி என்று சொல்லக்கூட ஆள் இல்லையே, அந்த ஆற்றாமை. தலைவி உண்டு, செயலாளர் உண்டு, எல்லோருக்கும் ஒரே கனகாம்பரக் கலர் புடவை உண்டு, கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் உண்டு, கீமோ நாளில் மட்டும் தள்ளுபடி. யாருக்காவது முடியவில்லை என்றால் ஒருத்தி சமைக்கிறாள், ஒருத்தி மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறாள், ஒருத்தி கூடவே ஆஸ்பத்திரிக்குப் போய் உட்காருகிறாள். பேங்கிலிருந்து ஒரு ஆபீசர் வந்து, உங்கள் சங்கத்துக்குத் தொழில் என்ன, எருமையா, தையலா, அப்பளமா என்று கேட்டிருக்கிறார். கலைவாணி யோசித்துவிட்டு, "பயப்பட்றதுதான் சார். தனித்தனியா பயந்துக்கினு இருந்தோம், இப்ப ஒண்ணா குந்தி பயப்பட்றோம்" என்றாளாம். அவர் அப்பளம் என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். நாளைக்கு அப்பளத்தைக் காட்டு என்று வந்து நின்றால் என்ன செய்வது என்று சங்கத்தில் இப்போது அது ஒரு தனிப் பயம்.

விஷயத்துக்கு வருகிறேன். கலைவாணியின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் மரபணு ஆலோசனை சொல்கிற பெண், இது வழிவழியாக வருவது, பச்சையம்மாளிடமிருந்து வந்திருக்கிறது, அதனால் அம்மா வழி ரத்த சொந்தங்கள் எல்லோரும் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் நம் ஜனத்தில் ஃபோன் போட்டுக் கூப்பிட்டால் எவன் வருவான், முறையாகக் கூப்பிடவில்லை என்று சாவுக்கே வராதவர்கள் இருக்கிறார்கள். உன் அம்மாவும் சின்னம்மாவும் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், வாழைப்பழம் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள், நான்தான் ஆட்டோ ஓட்டினேன். விஜயபுரத்தில் உன் பெரியம்மா ரத்னம்மா தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் என்ன விசேஷம் என்றே கேட்டாள். ரத்தம் எடுக்க என்று சொன்னதும் முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்றாள். கலைவாணி புருஷன் தனசேகருடைய அண்ணன் சின்னசாமியை நாங்கள் கூப்பிடவில்லை, அவருக்கும் பச்சையம்மாளுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. அதைக் கேள்விப்பட்டு அவர், அப்படியென்றால் எங்கள் ரத்தம் ரத்தம் இல்லையா என்று மூன்று நாள் சோறு துன்னவில்லை. கடைசியில் அவரையும் கூப்பிட்டோம், அவரைக் கூப்பிட்டதால் அவர் சம்பந்தியையும் கூப்பிட வேண்டியதாயிற்று.

குறித்த நாளில் வேன் நிறைய ஜனம், ஒரு அண்டா புளியோதரை, எல்லோரும் பட்டு. சங்கத்துப் பெண்கள் கனகாம்பரப் புடவையில் வரிசைத் தட்டு ஏந்தி முன்னால் நடந்தார்கள். வாட்ச்மேன் தடுத்து, "மண்டபம் வெனக வீதிலோ அம்மா, இது ஆஸ்பத்திரி" என்று பின்தெருவைக் கை காட்டினான். ரத்னம்மா அவனுக்கும் ஒரு பழம் கொடுத்து உள்ளே போய்விட்டாள். ஆலோசனைப் பெண் கூட்டத்தைப் பார்த்து அசந்துபோய், ரத்த சொந்தம் இந்தப் பக்கம், மற்றவர்கள் அந்தப் பக்கம் என்று பிரிக்கப் பார்த்தாள். சின்னசாமி எந்தப் பக்கமும் போகாமல் நடுவில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சர்க்கரை பார்க்கலாம் என்று சொல்லி ஒரு சொட்டு எடுத்த பிறகுதான் முகம் மலர்ந்தது. சர்க்கரை இருநூற்றுச் சொச்சம், அதை ஊர் பூராவும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நான் மாப்பிள்ளை, எனக்கு அங்கே என்ன வேலை என்று வெளியே டீக்கடையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி என்றால் எனக்கு எப்படி என்று உனக்குத் தெரியும், உனக்குத் தடுப்பூசி போட்டபோது மயக்கம் போட்டவன் நான்தான். உள்ளே ரத்னம்மா நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று நின்றுவிட்டாளாம். "தாய்மாமன் குந்தாம இந்த வூட்ல எந்தக் காரியம் பண்ணிக்கீறோம்? அவுரு மொதல்ல குந்தட்டும், அப்பால எங்களுக்குக் குத்து" என்றிருக்கிறாள். நாலு பேர் வந்து என்னை டீ கிளாஸோடு தூக்கிப் போனார்கள். நாற்காலியில் உட்கார வைத்து, சால்வை போர்த்தி, நெற்றியில் சந்தனம் வைத்தார்கள். அப்போதுதான் அந்தப் பெண், இவர் யசோதாம்மா வீட்டுக்காரர் ஆயிற்றே, இவர் எப்படித் தாய்மாமன் என்று கேட்டாள். ரத்னம்மா, "எங்கம்மா கூடப் பொறந்த தம்பி. எங்க தங்கச்சிய இவுருக்கே குடுத்துட்டோம்" என்றாள்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. உங்கள் அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் உண்டா என்று அவள் கலைவாணியை முன்பே கேட்டிருக்கிறாள். இவள், ஒருத்தர் இருக்கிறார், ஆனால் அவர் எங்கள் அக்கா வீட்டுக்காரர், அவரைச் சேர்க்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். எனக்கே மறந்துபோயிருந்தது தேன்மொழி. அக்கா மகளைக் கட்டினவன், கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் மாப்பிள்ளை வரிசையிலேயே உட்கார்ந்து தின்று, நான் என் அக்காவுக்குத் தம்பி என்பதே எனக்கு மனதில் வரவில்லை. ஆம்பளைக்கும் இது இருக்கும், ஆம்பளை வழியாகவும் பிள்ளைக்குப் போகும் என்று அந்தப் பெண் சொன்னாள். கூடியிருந்தவர்கள், பார்த்தீர்களா தாய்மாமனை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று ஏதோ முறை தவறியதைத் திருத்தின மாதிரி சந்தோஷப்பட்டார்கள். ஊசி தோலைத் தொடுவதற்கு முன்னமே எனக்குக் கண் இருட்டிவிட்டது. எழுந்தபோது என் மடியில் தேங்காய் இருந்தது.

உன் அம்மா ரிப்போர்ட் முதலில் வந்தது, அவளுக்கு இல்லை. ரத்னம்மாவுக்கும் இல்லை. அம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே உனக்கு ஃபோன் போட்டு, எனக்கு இல்லடி, அதனால் உனக்கும் இல்லை என்று அழுதாள், நீயும் அழுதாய், அங்கே பார்க்க வைத்திருந்த டெஸ்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். அன்று ராத்திரி அவள் பாயசம் வைத்தாள். என் ரிப்போர்ட் போன வாரம் வந்தது. எனக்கு இருக்கிறது கண்ணு.

அந்தப் பெண் இரண்டு தடவை நிதானமாகச் சொன்னாள். இருக்கிறது என்றால் வியாதி வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. நானும் மார்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இன்னும் சில பரிசோதனை உண்டு. ஆனால் எனக்கு இருப்பதால் உனக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இல்லை என்றால் நிம்மதி, இருந்தால் முன்கூட்டியே வருஷா வருஷம் பார்த்துக்கொண்டே வரலாம், வராமல் தடுக்கவும் வழி இருக்கிறது, உன் ஆயாவுக்குக் கிடைக்காத வழி. எனக்குப் பயமாக இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். ஊசிக்குப் பயந்ததைவிட ஜாஸ்தி பயம், ஏனென்றால் இது என் உடம்போடு நிற்கிற பயம் இல்லை. உன் அம்மா மறுநாள் எருமைக்குப் புல் போட்டுக்கொண்டே, "எங்கம்மா போனதுலேந்து என் ரத்தம்தான் என் பொண்ண துன்னப் போவுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீ கூட கீறியா மாமா" என்றாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். நல்ல சேதியை நான் சொல்லிவிட்டேன், இதை நீயே எழுது என்றும் சொன்னாள்.

என்னைச் சங்கத்தில் சேர்ப்பதா என்று பெரிய விவாதம் நடந்தது. மகளிர் சங்கத்தில் ஆம்பளை எப்படி, பேங்க்காரன் ஒத்துக்கொள்வானா, ஏற்கனவே அப்பளம் வேறு பாக்கி இருக்கிறது என்றார்கள். கலைவாணிதான், பயம் இருக்கிறவர்களுக்கு எல்லாம் இடம் உண்டு என்று அடித்துப் பேசினாள். புடவை கட்டச் சொல்ல முடியாது என்பதால் அதே கனகாம்பரக் கலரில் எனக்கு ஒரு துண்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு பாயில் ஓரமாக உட்காருகிறேன். முதல் கூட்டத்துக்கே லேட்டாகப் போய் அபராதம் கட்டினேன். அங்கே நான் என் பயத்தைச் சொன்னபோது யாரும் ஆறுதல் சொல்லவில்லை, உன்னைப் பற்றித்தான் கேட்டார்கள். பொண்ணுக்கு முறையாகத் தட்டு வைத்தீர்களா என்று கேட்டார்கள். அப்போதுதான் உறைத்தது. சின்னசாமியின் சம்பந்திக்குக்கூடத் தட்டு வைத்து அழைத்தோம், உன்னை மட்டும் ஃபோனில் கூப்பிட்டு ஃபோனிலேயே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டோம்.

அதனால் இந்தக் கவரில் வெற்றிலை பாக்கும் மஞ்சளும் வைத்திருக்கிறோம், அம்மா மடித்துக் கொடுத்தாள், ஒரு சொட்டுக் கண்ணீர் அவளுடையது, அது கணக்கில் இல்லை. வெற்றிலை வாடியிருக்கும், பாக்கு வாடாது. அங்கே பார்த்தாலும் சரி, பொங்கலுக்கு வந்து இங்கே பார்த்தாலும் சரி. வந்தால் வேன் வைக்கமாட்டோம் என்று நான் சொல்லலாம், ரத்னம்மா கேட்பாளா தெரியாது. நாலு பேர் பட்டுக் கட்டிக்கொண்டு உன் கூட வந்து நிற்பது உனக்குக் கூச்சமாக இருந்தால் பொறுத்துக்கொள். நீ உட்காருவதற்கு முன்னால் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தாயிற்று, முறை எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் ஹர்ஷினியும் நூறு வயது சேர்ந்து இருங்கள், ஹர்ஷினி கல்யாணத்தில் சின்னசாமி கோபித்துக்கொள்வதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. இதைப் படித்ததும் எனக்கு ஃபோன் போடு, வீடியோவிலேயே போடு, என் முகத்தைப் பார்த்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
பச்சையம்மாளின் தம்பி, யசோதாவின் வீட்டுக்காரர்,
சங்கத்தின் ஒரே துண்டு உறுப்பினர்,
உன் நைனா ஆதிகேசவன்