ஜூன் பதின்மூன்று என்ற பாட்டைப் பற்றி

குட்வில் எஸ்டேட்,
போர்ட் பிளேர்.
14-09-2025, ஞாயிறு.

அன்பு மகள் உமா மகேஸ்வரிக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணி ஷீலாவும் சுகம். மாயாபந்தரில் வேலையில் இருக்கும் உன் அண்ணன் பாலகுமாரும் சுகம். சென்ற சனிக்கிழமை வந்து போனான். பெங்களூரில் நீயும் உன் இசைக்குழுவினர் மூவரும் நோய்நொடியின்றி இருக்க வேண்டுமென்று உன் அம்மாவின் படத்துக்கு முன் நின்று வேண்டிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். ஆகஸ்ட் 21 வியாழனன்று நீ அனுப்பிய இசைத்தட்டு செப்டம்பர் 2 செவ்வாயன்று வந்து சேர்ந்தது. அட்டையின் ஒரு மூலை மடங்கியிருந்தது. தையல் மெஷினின் அடியில் மூன்று நாள் வைத்து நிமிர்த்திவிட்டேன். தட்டைச் சுழற்றும் கருவி நம் வீட்டில் இல்லாததால் ஷீலா தன் போனிலிருந்து ஸ்பீக்கரில் போட்டுக் கேட்க வைத்தாள். ஏழு பாட்டு, நாற்பத்தாறு நிமிடம். குழுவுக்கு ‘பங்க் கிளாஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறாய். கப்பலின் அடித்தட்டில் படுக்கை மட்டும் தரும் அந்த மலிவு வகுப்பில் உன்னை அனுப்பியவன் நான் என்பதால் அதைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.

சைக்கடெலிக் ராக்கும் ஜாஸும் கலந்த முதல் ஆல்பம் என்று நீ அனுப்பிய பத்திரிகைக் குறிப்பில் இருந்தது. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கிட்டார் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல நெளிகிறது, டிரம்ஸ் ஒரு கணக்கில் போகிறது, உன் சாக்ஸபோன் அந்தக் கணக்கை மதிக்காமல் தன் போக்கில் சுற்றிவிட்டு எப்படியோ சரியான இடத்தில் வந்து நிற்கிறது. மூன்றாவது பாட்டு முடிந்ததா நின்றுபோனதா என்று தெரியவில்லை. அடுத்த முறை முடிவைத் தெளிவாக வையுங்கள். பக்கத்து வீட்டு ஒச்சப்பன் உள்ளே வரும்போதே, “என்னய்யா, சாத்தம் மில்லுல பழைய ரம்பத்த மறுபடி ஓட்டுறானுகளா?” என்று கேட்டார். முப்பத்தோரு வருடம் நான் அந்த ஆலையில் ஆட்கள் வந்து போகும் நேரத்தைக் குறித்தவன்; அங்கே இவ்வளவு ஒழுங்கீனமான சத்தம் இருந்ததில்லை என்றேன். சிரித்தவர் உட்கார்ந்தார். கடைசிப் பாட்டு முடியும்போது அவர் கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. “இதை ஊதுறது நம்ம உமாவா? மூச்சு எங்கய்யா வாங்குது அந்தப் பிள்ள?” என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அந்தக் கடைசிப் பாட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பதின்மூன்று நிமிடப் பாட்டுக்கு ‘ஜூன் பதின்மூன்று’ என்று பெயரிட்டிருக்கிறாய். நடுவில் மற்ற மூவரும் நிறுத்திவிட, பதில் சொல்ல ஆளில்லாமல் உன் சாக்ஸபோன் மட்டும் நான்கு நிமிடம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அட்டையின் உட்புறத்தில், “2012 ஜூன் 13 அன்று என் அம்மா இறந்தாள். நான் நடுக்கடலில் இருந்தேன். யாராலும் என்னை அழைக்க முடியாத நாள் அது” என்று அச்சிட்டிருக்கிறாய். நவம்பர் 8 சனிக்கிழமை மேடையில் இதைச் சொல்லிவிட்டு வாசிக்கப் போவதாகவும் நான் முன்வரிசையில் இருக்க வேண்டுமென்றும் எழுதியிருந்தாய். அதற்கு முன் உனக்கு உண்மை தெரிய வேண்டும். போனில் சொன்ன பொய்யைப் போனிலேயே திருத்த மனம் வராததால் எழுதுகிறேன்.

உன் அம்மா இறந்தது ஜூன் 11, திங்கட்கிழமை, பிற்பகல் 3.20 மணி. அன்று காலை பதினொரு மணிக்கு நீ ஹாடோ துறைமுகத்தில் கப்பல் ஏறினாய். சிறுநீரக வியாதிதானே, இன்னும் சில மாதம் தாங்கும், நீ பரீட்சையை முடித்துக்கொண்டு வா என்று உன்னைத் தள்ளாத குறையாக அனுப்பியவன் நான். காற்று பலமாக இருந்ததால் கப்பலைத் துறைமுகத்துக்குள்ளேயே நங்கூரம் போட்டு நிறுத்தினார்கள், மாலை 6.10 வரை அது அங்கேயே நின்றது. துறைமுக அலுவலகத்தில் எனக்கு வேண்டிய முத்துகிருஷ்ணன் இருந்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் படகு அனுப்பி உன்னை இறக்கியிருப்பார். சொல்லவில்லை. 18-ஆம் தேதி சென்னையில் உன் இசைக் கல்லூரி நுழைவுத் தேர்வு, அடுத்த கப்பல் 22-ஆம் தேதி. இதையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாதான் போகச் சொன்னாள் என்று எழுதினால் எனக்கு எளிதாக இருக்கும். அவள் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு மணிக்குக் கண் திறந்து, “கப்பல் இன்னும் நிக்குதாமே, நர்சு சொல்லுச்சு. உமாவ வரச் சொல்லுங்க” என்றாள். கப்பல் கிளம்பிவிட்டது என்றேன். “சரி” என்றாள். அதன் பிறகு அவள் பேசவில்லை. 4.05-க்கு நீ கப்பல் மேல்தளத்திலிருந்து போன் செய்து, “அம்மா என்னப்பா செய்றாங்க?” என்று கேட்டாய். தூங்குகிறாள் என்றேன். அப்போது பாலகுமார் எதிரில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாளே தகனத்தை முடித்துவிட்டோம். 15-ஆம் தேதி நீ சென்னையில் இறங்கியதும், முந்தாநாள் போய்விட்டாள், எல்லாம் முடிந்தது, தேர்வை எழுது என்று சொன்னேன். அவள் இறந்த நேரத்தில் உன் கப்பல் துறைமுகத்திலேயே நின்றதை நீ ஒருநாளும் கணக்குப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த இரண்டு நாள். பாலகுமாரிடமும் உன் சித்தியிடமும் வாக்கு வாங்கிக்கொண்டேன், அவர்களைக் கோபிக்காதே. வைகாசித் தேய்பிறை அஷ்டமியில் வருடம் தவறாமல் திதி கொடுத்து வருகிறேன். திதிக்கு ஆங்கிலத் தேதி வருடாவருடம் மாறும் என்பதால் உனக்குச் சந்தேகம் வரவில்லை. நீ மட்டும் பதின்மூன்று வருடமாகத் தவறான நாளில் விளக்கேற்றுகிறாய். எந்தக் கல்லூரிக்காக இதைச் செய்தேனோ அதை 2014 மார்ச்சில் நீயே விட்டுவிட்டாய். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பாட்டின் பெயரை மாற்றுவதும் விடுவதும், மேடையில் என்ன சொல்வது என்பதும் உன் முடிவு. பாலகுமார் தினமும் போனில் அப்பாவுக்கு டிக்கெட் போடட்டுமா என்று கேட்கிறான். உன் பதில் வந்த பிறகுதான் என்று சொல்லியிருக்கிறேன். வா என்றால் வருவேன், முன்வரிசை வேண்டாம். வர வேண்டாம் என்றால் அதுவும் நியாயமே. அழைக்க முடியாத தூரத்தில் அன்று நீ இல்லை, உமா. உன்னைப் பெற்றவள் அழைத்தாள். நான்தான் சேர்ப்பிக்கவில்லை.

மழை நாளில் நனைந்து வந்து ஊதாதே, மார்பில் சளி கட்டும். உன் மூச்சு நீண்டு நிற்கட்டும், வேண்டியதெல்லாம் உனக்குக் கைகூடட்டும் என்று வாழ்த்துகிறேன். பதிலைக் கடிதமாகவே எழுது. போனில் கேட்டால் நான் மறுபடியும் எதையாவது சொல்லி மழுப்பிவிடுவேன்.

உன் அப்பா,
ஜம்புலிங்கம்