ஏழாவது குடம்

திருப்பூர்
5.5.1993

அன்புள்ள அண்ணனுக்குக் கண்ணம்மாள் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சுகம். நீங்க ஊரைவிட்டுப் போன பதினொரு வருசத்தில் பொங்கலுக்கு ஒரு கார்டு, அவ்வளவுதான். தங்கச்சிக்கு அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லையா?

வைகாசியில் நம்ம முருகன் கோயில் கும்பாபிஷேகம். உங்க மச்சான்தான் முன்னின்று நடத்துகிறார். ஏழு ஆற்றுத் தீர்த்தத்தில் ஆறு வந்துவிட்டது. சரஸ்வதி மட்டும் இல்லை. அது வடக்கே உங்க சிர்சா பக்கம்தான் ஓடுகிறதாமே? "உன்ற அண்ணன் அங்கதான இருக்காரு, ஒரு கொடம் கேளு கண்ணு" என்றார். பஞ்சு லாரியில் கொடுத்துவிடுங்க. அந்தக் குடத்தை நான்தான் தலையில் சுமக்கப்போகிறேன். நீங்களும் வந்து நின்றால் போதும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

அன்புத் தங்கை,
கண்ணம்மாள்

சிர்சா
14.5.1993

கண்ணம்மா,

உன் கடிதம் கிடைத்தது. உன் வீட்டுக்காரர் கந்தவேலுக்கு ஆறுகள் மேல் பக்தி வந்துவிட்டதாக அறிந்து சிரித்தேன். நொய்யலைக் கொன்ற சாயப்பட்டறைக்காரருக்குச் சரஸ்வதி தீர்த்தம் கேட்கிறது!

புவியியல் வாத்தியார் என்பதால் சொல்கிறேன். ரிக் வேதம் சரஸ்வதியை யமுனைக்கும் சட்லஜுக்கும் நடுவே வைக்கிறது. மலையிலிருந்து கடல்வரை போகிறவள் என்று பாடுகிறது. இங்குள்ள கக்கர்தான் அவள் என்கிறார்கள் பலர். இல்லை என்பவர்களும் உண்டு. பிற்கால நூல்களிலேயே அவள் மணலில் மறைந்துபோகிறாள்; மறைந்த இடத்துக்கு விநசனம் என்று பெயர். கக்கரும் மழைக்கு ஓடி, கோடையில் காய்ந்து கிடக்கும் ஆறுதான். இதெல்லாம் உன் வீட்டுக்காரருக்கு எதற்கு? பட்டியலில் ஏழு பெயர் நிரம்பினால் சரி.

நல்லூருக்குக் கிழக்கே இருக்கும் என் தோட்டத்துக் கிணற்றில் அவருடைய சாயம் இறங்குகிறது என்று சொன்னபோது ஊரைக் கூட்டி என்னைப் பொய்யன் என்றார். நீயும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். நாற்பது தென்னை கருகியது. நான் மறக்கவில்லை.

குடம் லாரியில் வருகிறது. வாயை அரக்கு வைத்து அடைத்திருக்கிறேன். சரஸ்வதி இன்று எப்படி இருக்கிறாளோ, அப்படியே உள்ளே இருக்கிறாள். கோபுரத்தின் மேல் வைத்து, ஊர் பார்க்க அவரே திறக்கட்டும்.

நான் வரவில்லை.

லிங்கசாமி

திருப்பூர்
9.6.1993

அண்ணனுக்கு,

கும்பாபிஷேகம் முடிந்தது.

முந்தின நாள் மத்தியானம் குடத்தைத் தூக்கினேன். தண்ணீர் அலம்பவில்லை. அரக்கைச் சுரண்டித் திறந்தேன். காய்ந்த மணல், இரண்டு கிளிஞ்சல். உங்க மச்சானிடம் சொன்னால் ஊரே உங்களைத் தூற்றும். அதனால் சொல்லவில்லை.

மணலைப் பையில் கொட்டிவிட்டு, சரஸ்வதி இல்லாவிட்டாலும் உங்க கிணற்றுத் தண்ணீராவது இருக்கட்டும் என்று குடத்தோடு பஸ் ஏறி உங்க தோட்டத்துக்குப் போனேன். "உன்ற அண்ணன் கெணத்துத் தண்ணி எளநீராட்டம் இருக்குது, பொறாமையில பொய் சொல்றான்" என்று அவர் சொன்னதைப் பதினொரு வருசமாக நம்பியிருந்தேன். கயிற்றில் குடத்தையே இறக்கி மொண்டேன்; பித்தளைக் குடத்துக்குள் தண்ணீரின் நிறம் தெரியவில்லை. மறுபடி அரக்கு வைத்தேன்.

குருக்கள் கலசத்தில் ஊற்றினார். புது வெள்ளையடித்த விமானத்தில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. "குங்குமம் கலந்து அனுப்பியிருக்கா, மங்களம்" என்றார் குருக்கள். கூட்டம் அரோகரா போட்டது. கும்பிட்டிருந்த உங்க மச்சான் கை அப்படியே நின்றது. "நம்ம மெரூன் சாயம்... அமெரிக்கா ஆர்டர்" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். "எங்க மொண்ட கண்ணு?" என்றார். "எங்கண்ணன் கெணத்துலீங்க" என்றேன். அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீங்க சொன்னது நிசம். அன்று பக்கத்தில் நின்றது என் தப்பு. ஆனால் அவரைத் தலைகுனிய வைக்க, என் தலையில் மணலை ஏற்றினீர்கள். நான்தான் சுமக்கிறேன் என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டுத்தான் அரக்கு வைத்தீர்கள்.

பொங்கலுக்குக் கார்டு வேண்டாம்.

மணலையும் கிளிஞ்சலையும் அதே லாரியில் திருப்பி அனுப்புகிறேன். எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்க. மழைக்கு அங்கே தண்ணீர் வரும் என்று நீங்கதானே எழுதியிருந்தீர்கள்.

கண்ணம்மாள்