ஓரளவுக்கு வரும்

அன்பு மகள் புர்கிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் இருமலும் விட்டுவிட்டது. நீயும் மாப்பிள்ளை ஹவ்கேயும் அந்தக் கடல்காற்றில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து யாருக்கும் புரியாது என்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை லேனி எழுதுகிறாள்.

மாப்பிள்ளைக்கு வேலை அதிகம், இந்தப் பனிக்காலம் வர முடியாது என்று எழுதியிருந்தாய். அம்மா நம்பிவிட்டாள், நான் நம்பவில்லை. போன வருஷம் நடந்ததற்கு நான்தான் காரணம். பனியில் சறுக்க வருமா என்று கேட்டதற்கு "ஏதோ ஓரளவுக்கு வரும் மாமா" என்றார். நம் ஊரில் அப்படிச் சொல்கிறவன் வீட்டில் சறுக்குப் பந்தயத்தில் வென்ற நாலு கோப்பை இருக்கும், உனக்கே தெரியும். நானும் நேரே உச்சிக்குக் கூட்டிப்போய், இருப்பதிலேயே கடினம் என்று கறுப்புப் பலகை நட்ட சரிவில் நிறுத்திவிட்டேன். அவர் ஊரில் ஓரளவு என்றால் ஓரளவுதான் போலிருக்கிறது. பாவம், பாதி வழியில் சறுக்குக்கட்டைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு அடி அடியாக இறங்கினார். கம்பிவடத்தில் ஓடும் தொங்கு நாற்காலியில் மேலே போன என் கூட்டாளிகள் "என்ன மாப்பிள்ளை, கட்டைக்குக் கால் வலிக்குதா, தூக்கிட்டுப் போறீங்க?" என்று கத்தினார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. முப்பது வருஷம் சறுக்கக் கற்றுக்கொடுத்தவன் நான், நான் கேட்ட கேள்வியே தப்பு. தான் வேலை பார்க்கும் சறுக்குக்கட்டை வாடகைக் கடையில் லேனி யாரிடமும் வருமா என்று கேட்பதில்லையாம், "கடைசியா எந்தச் சரிவுல விழாம நின்னீங்க?" என்றுதான் கேட்பாளாம். பள்ளியை விட்டு ஒரு வருஷம்கூட ஆகாத பெண். இந்த வரியை எழுத வெட்கப்பட்டாள், அதட்டி எழுதவைத்தேன்.

அதனால் இந்த முறை நம் மலை வேண்டாம். மேலே எளிதான நீலப் பலகைச் சரிவுகள் இருந்தாலும் ஊருக்கு இறங்கும் கடைசித் துண்டு கறுப்புத்தானே. பக்கத்துப் பள்ளத்தாக்கு மூஸ்பாக்கில் எல்லாமே அகலமான நீலம், போதும் என்று தோன்றினால் கம்பிவடத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தே இறங்கிவிடலாம். முதல் மூன்று நாள் மாப்பிள்ளையை அங்குள்ள ஆசிரியரிடம் விடு, நீ சொல்லிக்கொடுக்காதே, உனக்கும் என் பொறுமைதான். கால் அசந்த பிறகு இன்னும் ஒரே தடவை என்று ஆசைகாட்டாதே. நானும் அம்மாவும் அங்கேயே வந்து தங்குகிறோம். "மூஸ்பாக்காரன் மலைக்கா போறே, மானம் இல்ல உனக்கு?" என்று என் கூட்டாளிகள் கேட்கிறார்கள், கேட்கட்டும். நான் சிரித்தது தப்பு என்று மாப்பிள்ளையிடம் சொல். அவர் கட்டையைத் தொடாமல் நாலு நாளும் சூப் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் சரி, பக்கத்தில் நானும் உட்காருகிறேன்.

இருவரும் நன்றாக இருங்கள். வரும் தேதியை அம்மாவுக்கு மறக்காமல் எழுது.

உன் அப்பா வின்சென்ஸ்
(எழுதியது லேனி)