வலது மூலையில் இருந்த பெயர்

2025 ஜூன் 16, திங்கள்

கலை வரலாறு படித்தால் என்ன வேலை கிடைக்கும்? தங்கச்சியின் புருஷன் நௌபர் இன்று கேட்டார். அவருடைய மகள் ஷிஃபானா பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அதைத்தான் முதல் தெரிவாகப் போடப்போகிறாளாம். சனிக்கிழமை கடைசி நாள். மியூசியம், கண்காட்சிக்கூடம், பழைய படங்களைத் திருத்துவது, படிப்பிப்பது என்று அடுக்கினேன்.

"இதுல நீங்க எதுல இருந்தீங்க ராத்தா?"

மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில், காணிக் கிளையில், இருபத்திரண்டு வருடம். அவருக்குத் தெரியாததா?

"இப்ப சோமசேகரம் ஐயாட வீட்டுப் படங்களுக்குப் பட்டியல் எழுதுறேன்தானே" என்றேன். படித்த படிப்புக்கு நாற்பத்தெட்டு வயதில் கிடைத்த முதல் வேலை. நௌபர் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார்.

ஜூன் 17, செவ்வாய்

பெயர் போய்விட்டது.

ஜூன் 18, புதன்

நேற்று அதற்கு மேல் எழுத ஏலவில்லை. இன்று ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

உள்துறைமுக வீதியில் ஐயாவின் வீடு. விறாந்தை தாண்டி உள்ளே போனால் சுவர் நிறைய எண்ணெய் வண்ணப் படம்: துறைமுகம், நான்கு கப்பல்கள். வலது கீழ்மூலையில் ஒரு வெள்ளைக்காரக் கடற்படை ஓவியரின் பெயர். கப்பல் முகவராக இருந்த ஐயாவின் தகப்பனுக்கு யாரோ துரை கொடுத்துவிட்டுப் போனதாம். அந்த ஓவியரின் படங்களைக் கண்காட்சிக்குச் சேர்க்கும் ஒருவர் சனிக்கிழமை கொழும்பிலிருந்து வருகிறார்.

பெயரின் மேல் புகைக்கறை. பஞ்சுக்குச்சியை நாக்கில் நனைத்து மெல்ல உருட்டினேன். கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள்; ஆனால் எச்சிலைப் போல மிருதுவான துப்புரவு வேறில்லை என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். முதலில் யாரும் பார்க்காத ஓரத்தில் சோதித்துப் பார் என்றும் படிப்பித்தார்கள். நான் நேரே பெயரில் கை வைத்தேன். பக்கத்தில் வருடம் எழுதியிருக்கிறதா என்று பார்க்கும் அவசரம். மூன்று உருட்டல். பஞ்சில் கபில நிறம். ஊத்தை என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் முதல் இரண்டு எழுத்துகள் இல்லை.

ஐயா உள்ளே நித்திரை. பஞ்சுக்குச்சியைக் கடதாசியில் சுற்றிக் கைப்பையில் போட்டேன். ஏன்? கள்ளி மாதிரி ஏன்?

இன்று அவர் கண்ணாடி போடாமல் படத்துக்கு முன்னால் நின்றார். "என்ன மிஸ், சனிக்கிழமைக்குள்ள பளபளக்குமோ?"

"ஓம் ஐயா" என்றேன். ஓமாம்!

ஜூன் 19, வியாழன்

நூறு வருடம் காய்ந்த எண்ணெய் வண்ணம் எச்சிலுக்குக் கரையாது. அப்படியென்றால் பெயர் யாரோ பிறகு எழுதியது. பெயர் பொய்யென்றால் நான் தப்பினேன். எனக்கு இவ்வளவு வசதியான முடிவை நான் எப்படி நம்புவது?

முதல் நாள் எடுத்த போட்டோவை போனில் பெருப்பித்துப் பார்த்தேன். படம் காய்ந்த வயல் போல வெடித்திருக்கிறது. எழுத்தின் கபிலம் அந்த வெடிப்புகளுக்குள் வடிந்து இறங்கியிருக்கிறது. வெடித்தது முதல், எழுதியது பிறகு. மூன்று தரம் பார்த்தேன். உண்மைதான்.

பயம் குறையவில்லை. துப்பி அழித்தவள் இப்போது கதை கட்டுகிறாள் என்பார் ஐயா. வேலை போகும். நௌபர் வாயைத் திறக்கவே தேவையில்லை, தேத்தண்ணியை ஊதினால் போதும்.

அலுமாரியில் நீர்வண்ணப் பெட்டி இருக்கிறது. மெல்லிய தூரிகை, கபிலம், இரண்டு எழுத்து. பத்து நிமிட வேலை. பெட்டியை வெளியே எடுத்தேன். மூடியைத் திறந்தும் விட்டேன். யா அல்லாஹ், யார் இது?

திருப்பி உள்ளே வைத்துப் பூட்டினேன்.

ஜூன் 20, வெள்ளி

சொல்லிவிட்டேன், அழித்ததையும் வெடிப்பையும். பஞ்சுக்குச்சியையும் போட்டோவையும் மேசையில் வைத்தேன். ஐயா கண்ணாடி போட்டு இரண்டையும் பார்த்தார். எழும்பிப் போய் மூலையைப் பார்த்தார்.

"அப்ப என்ர அப்பா பொய் சொன்னவரோ?"

"நான் அப்பிடிச் சொல்லல்ல ஐயா. அந்தப் பேரை ஆர் எழுதின எண்டு தெரியாது."

"அப்ப படத்தை ஆர் கீறினது?"

"அதுவும் தெரியாது."

"உங்களுக்கு என்னதான் தெரியும்?"

பிறகு என்னிடம் தந்திருந்த வாசல் பூட்டின் திறப்பைக் கேட்டார். கதிரையில் வைத்துவிட்டு வந்தேன்.

பின்னேரம் ஷிஃபானா போன் எடுத்தாள். "பெரியும்மா, முதல் தெரிவாப் போடவா?"

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன். நாளைக்கு என்ன சொல்வேன்? வேண்டாம் என்றா?

ஜூன் 21, சனி

காலை ஏழரைக்கு ஐயாவின் போன். "மிஸ், எங்க நிக்கிறீங்கள்? கொழும்பு ஆள் வந்து நிக்கிறார். உந்த வெடிப்புக் கதையை நான் எப்பிடிச் சொல்றது?"

திரீவீல் பிடித்துப் போனேன். வந்தவர் பூதக்கண்ணாடியால் மூலையை வெகுநேரம் பார்த்தார். "சரியாத்தான் சொல்றீங்க" என்றார். படத்தை அவர் எடுக்கவில்லை. தேத்தண்ணி வரமுதலே போய்விட்டார்.

ஐயா படத்துக்கு முன்னால் அப்படியே நின்றார். நான் செருப்பைப் போடப் போனேன். பின்னால் திறப்புச் சத்தம்; திரும்பினால் அதை என்னிடம் நீட்டிக்கொண்டு நின்றார்.

"அடுத்த படத்தில துப்ப முதல் எனக்கொரு சொல்லுச் சொல்லுங்கோ."

அவர் சிரிக்கவில்லை.

ஷிஃபானா என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காலையிலேயே அனுப்பிவிட்டாளாம், முதல் தெரிவாக.

பட்டியலில் எழுதினேன்: 'துறைமுகம். எண்ணெய் வண்ணம். ஓவியர் தெரியவில்லை. மூலையில் உள்ள பெயர் பிற்காலத்தது. அதன் முதல் இரண்டு எழுத்துகளை அழித்தது நான்.' கீழே கையெழுத்து வைத்தேன், பேனையால்.