புதுக் கம்பைலர் தாண்டிப்போன வரி

8 ஆகஸ்ட் 1994, திங்கள்
நாம் எழுதும் புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித்தரும் புதுக் கம்பைலர் வந்துவிட்டது. புதுக் கம்ப்யூட்டரில் பழையது ஓடாதாம். தகடு அழுத்தும் பிரஸ் மெஷினின் புரோகிராமை உருவாக்கும் ஸ்கிரிப்டை இதற்கேற்ப மாற்றுவது என் வேலை. அதை எழுதிய தேவானந்தம் வேலையை விட்டு இப்போது பெங்களூரில். ஒரு வரி விளக்கம்கூட எழுதி வைக்கவில்லை, மகானுபாவன்.

11 ஆகஸ்ட்
ஓடிவிட்டது. ஆனால் ஸ்கிரிப்டில் இருக்கும் ஓர் ஆப்ஷன் மட்டும் தெரியவில்லை, விட்டுவிட்டேன் என்கிறது கம்பைலர். புரோகிராமும் சுருங்கியிருக்கிறது. ஏன்? மேலாளர் பத்ரிநாராயணன் சாரிடம் காட்டினேன். "சின்னதாச்சுன்னா நல்லதுதானேம்மா சாவித்ரி? எர்ரர் இல்லியே. அனுப்பு."

12 ஆகஸ்ட்
டெஸ்ட் மேஜையிலிருந்த மாதிரி மெஷினில் சரியாகவே இருந்தது. கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் சென்சாருக்கு முன் கையை வைத்துப் பட்டனை அழுத்தினேன், மெஷின் நகரவில்லை. புரோகிராம் பதித்த சிப் ஒன்று இரும்புலியூர் பட்டறைக்கு, ஒன்று ஓசூர் ஃபாக்டரிக்கு. எல்லாம் முடிந்தும் மனசு அடங்கவில்லை.

15 ஆகஸ்ட்
லீவு. அண்ணா வீட்டில் சாப்பாடு. தட்டைப் பார்த்தபடியே இருந்தேன் என்று அண்ணி சொன்னாள்.

17 ஆகஸ்ட், புதன்
காலையில் தேவானந்தத்துக்கு எஸ்டிடி போட்டேன். ஆப்ஷன் பெயரைச் சொன்னதும் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு, "புதுசுல அதுக்குப் பேரை மாத்திட்டாங்க சாவித்ரி. அது இல்லேன்னா கம்பைலர் தானா சுருக்கிடும். மெஷின் சென்சாரை ஆரம்பத்துல ஒரு தடவை பாக்கும். அப்புறம் பாக்கவே பாக்காது."

அப்புறம் கை உள்ளே போனால்? நான்தான் ஒவ்வொரு தடவையும் மெஷின் ஓடும் முன்பே கையை வைத்துப் பார்த்தேனே — ஐயோ.

ஆட்டோ பிடித்து இரும்புலியூர் ஓடினேன். தகடு வைக்கும் அஞ்சம்மாள் மெஷின் முன்னால் நின்றிருந்தாள். "இன்னா மேடம், மூச்சு வாங்கிகினு வர்றே?" அவளை நகரச் சொல்லி, பிரஸ் இறங்கும்போது ஒரு கட்டையை நீட்டினேன். நிற்கவில்லை. கட்டை நசுங்கியது. அஞ்சம்மாள் தன் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மெயினை அணைக்க வைத்துவிட்டு, அங்கிருந்தே சாருக்குப் போன். "சத்தமில்லாம சிப்பை மாத்திட்டு வா. ஓசூரை ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம். இப்போ சொன்னா கம்பெனி பேரு என்னாகும்?"

ஞாயிறா? அதுவரை அங்கே ஷிஃப்ட் ஓடாதா? ஓசூருக்கு நானே போன் போட்டேன். மெஷினை உடனே நிறுத்துங்கள் என்றேன். "உங்க சாரைக் கேட்டுட்டு நிறுத்தறோம் மேடம்" என்றார் சூப்பர்வைசர்.

18 ஆகஸ்ட்
கேட்டிருக்கிறார்கள். "புதுப் பொண்ணு, பயந்துட்டா" என்று சார் சொல்லியிருக்கிறார். திரும்ப போன் போட்டேன். என் குரல் கேட்டதுமே வைத்துவிட்டார்கள். ஆப்ஷனைத் திருத்தி இன்னொரு சிப் தயார் செய்தேன். இந்தத் தடவை மாதிரி மெஷின் ஓடும்போது கையை நீட்டிப் பார்த்தேன். நின்றது.

19 ஆகஸ்ட்
சிப்பை சார் வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டார். கொடுங்கள், நானே பஸ்ஸில் ஓசூர் போகிறேன் என்றேன். சார் பீரோவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

20 ஆகஸ்ட், சனி
சார் தாமதமாக வந்தார். சட்டைப் பட்டன் மாறிப் போட்டிருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஓசூர் போகணும். நீயும் வா. கார் கீழே நிக்குது."

"சிப்பை எடுத்துக்கட்டுமா சார்?"

"வேண்டாம். இன்ஸ்பெக்டர் வந்து மெஷினுக்கு சீல் வெச்சுட்டார்."

"யாரோட கை சார்?" என்றேன்.

"பேரு கேக்கலே."